பசை எண் நான்கு

பிப்ரவரி 3, திங்கள்

மாதனூரில் கம்பெனி பஸ்ஸில் ஏறிய ஜாஸ்மினின் ஒரு காலில் செருப்பு இல்லை. படியில் கழன்று விழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை. பஸ்ஸே சிரித்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து, "காலு மரத்தே கெடக்குதுக்கா. கையுந்தான்" என்றாள். அவள் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டும் பிரிவு. நான் அதே கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 7

அவளை வேலூருக்கு அழைத்துப் போனேன். நரம்பு பாதித்திருக்கிறதாம். டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "பசையில என்ன கெமிக்கல்?" டப்பாவில் 'பசை எண் 4' என்று மட்டும்தான் இருக்கிறது. "பேர் தெரியாம, இதுதான் காரணம்னு எப்படிம்மா எழுதறது?" அவர் எழுதினால்தான் கம்பெனி அவளை வேறு பிரிவுக்கு மாற்றும். வேதியியல் படித்த எனக்கும் தெரியவில்லை. அவமானம்.

பிப்ரவரி 10

பசை சப்ளையர் சீனிவாசனுக்கு ஃபோன் போட்டேன்.

"இன்னா மேடம், பேரைச் சொன்னா நாளைக்கே நாலு பேர் இதே பசையப் போட்டுடுவான். தொழில் ரகசியம்."

பசையில் என்ன ஆபத்து என்று சொல்லும் பாதுகாப்புத் தாளாவது கொடுங்கள் என்றேன். அனுப்பினார். 'கரைப்பான் கலவை' என்று ஒரு வரி. இதற்கு ஒரு தாள் கேடு!

நாட்டில் புழங்கும் ரசாயனங்களை எல்லாம் ஒரே பட்டியலில் சேர்க்க வேண்டும், கம்பெனிகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி வரப்போகிறதாம். வருஷக்கணக்காக வரப்போகிறது. வரைவு, கருத்துக் கேட்பு, மறுபடி வரைவு. அதுவரை ஜாஸ்மின் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கணுமா?

பிப்ரவரி 14

எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் அதைச் சோதித்த அறிக்கை வந்தது. மேனேஜர் அருணகிரி சாருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா எழிலரசி? ஷூல ஒண்ணுமே இல்ல. க்ளீன்."

எப்படி இருக்கும்? பசையில் இருக்கும் கரைப்பான் ஷூ காய்வதற்குள் ஆவியாகிப் போய்விடுகிறதே! எங்கே போச்சு? ஜாஸ்மின் மூக்குக்குள்ளதான் போச்சு! போட்டுக்குற காலுக்காக கடல் தாண்டி ஒருத்தன் கேக்குறான். ஒட்டுற கைக்குக் கேக்க நாதி இல்ல.

பிப்ரவரி 17

பையருக்குப் போகும் ரசாயனப் பட்டியலில் வெறுமனே 'பசை' என்று போட்டுக் கையெழுத்திடச் சொன்னார் சார். "பெயர் தெரியாது. விற்பவர் சொல்ல மறுக்கிறார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நானே அனுப்பிவிட்டேன்.

வேலை போனால் போகட்டும்.

பிப்ரவரி 19

பையர் சரக்கை நிறுத்திவிட்டான். சார் முதலில் என்னிடம் கத்தினார், பிறகு ஃபோனில் சீனிவாசனிடம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பெயர் வந்துவிட்டது. ஹெக்சேன். நரம்பைக் கெடுக்கும் கரைப்பான். ரகசியமாம், ரகசியம்! ஒருத்தி கால் மரத்தபோது திறக்காத வாய், கண்டெய்னர் நின்றதும் திறந்துவிட்டது.

பிப்ரவரி 20

டாக்டர் எழுதிக் கொடுத்தார். பசைப் பக்கம் போகாமல் இருந்தால் மெல்லச் சரியாகலாம், மாசக்கணக்கில் ஆகுமாம். ஜாஸ்மினை பேக்கிங்குக்கு மாற்றியாகிவிட்டது.

மார்ச் 12

வேறு பசை வந்திருக்கிறது. இந்த டப்பாவிலும் ஒரு எண்தான். கொதித்துப்போய் ஒட்டும் பிரிவுக்கு ஓடினேன். மெஷின்கள் ஓடவில்லை. பெண்கள் யாரும் டப்பாவைத் தொடாமல் நின்றிருந்தார்கள். ஜாஸ்மின் இடத்துக்குப் புதிதாக வந்த கிறிஸ்டினா, அருணகிரி சாரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்:

"இதுல இன்னா இருக்குது சார்? சொல்லுங்க, வேலைக்கு ஒக்கார்றோம்."