அக்யூட் என்றால் நேற்று வந்தது

மதியம் பாப்பாவின் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிரித்தபோது ஸ்பிரிட் வாசனை அடித்தது. உடனே உன் மேல்தான் கோபம் வந்தது. நீ இருந்திருந்தால் வீட்டுக்கு வரும் வழியிலேயே போன் செய்திருப்பேன்.

டெல்லி முனிர்கா அறையில் நாம் தோழிகளாகச் சேர்ந்திருந்தபோது உனக்கு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை. அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிந்ததைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்துவிட்டு வருவாய். ஒருமுறை எனக்கு வயிற்று வலி. டாக்டர் சீட்டில் ‘அக்யூட் கேஸ்ட்ரைட்டிஸ்’ என்று எழுதிவிட்டார். நான் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி அம்மாவிடம் அழுதேன். நீ வாசலில் நின்று சிரித்தாய்.

“அக்யூட்னா உசுரு போறதுன்னு யாருடி சொன்னா? நேத்து வந்ததுன்னு அர்த்தம். ‘ஐட்டிஸ்’னா அழற்சி. ரோட்டுக்கடை கோல்கப்பாவை அத்தனை தின்னது நீ, பழி டாக்டருக்கா?”

எந்த நோய்ப் பெயரையும் நீ உடைத்துப் போடுவாய். எங்கே, என்ன, எப்போதிலிருந்து, எதனால். அவ்வளவுதான் பெயர் என்பாய்.

பிறகு உனக்கே வந்தது, அக்யூட் பான்க்ரியாடைட்டிஸ். “கணையத்துல அழற்சி. வடிஞ்சிடும்டி” என்றாய். வடியவில்லை; நீதான் போய்விட்டாய். பெயரை உடைக்கத் தெரிந்தவளுக்கு அது எங்கே போய் முடியும் என்று தெரியவில்லையே. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாப்பாவுக்குத் தோலில் ஊதாப் புள்ளிகள். ரத்தத்தில் பிளேட்லெட், அதாவது தட்டணுக்கள், குறைவு. இத்தனை மாதமாக ‘அக்யூட்’ என்றுதான் எழுதினார்கள். தானாகப் போய்விடும் என்றார்கள். இன்று டாக்டர் அதை அடித்துவிட்டு ‘க்ரானிக்’ என்று எழுதினார். ஏன் என்று கேட்டால், “ஆறு மாசம் தாண்டியாச்சு மேடம்.” அவ்வளவுதான். குழந்தையிடம் எதுவும் மாறவில்லை, காலண்டர்தான் மாறியது.

துவாரகா வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியாரின் போன். டாக்டர் எழுதியதைச் சொன்னேன். “க்ரானிக்கா? அப்போ தீராத வியாதின்னு சொல்லு!”

“இல்லம்மா. ரொம்ப நாளா இருக்குன்னுதான் அர்த்தம். தீருமா தீராதாங்கறது அந்த வார்த்தையில இல்ல.”

சொல்லும்போது என் குரல் நடுங்கியது. நீ சொல்லியிருந்தால் நடுங்கியிருக்காது.

பாப்பாவின் நோய்ப் பெயருக்கு முன்னால் ‘இடியோபதிக்’ என்று ஒன்று இருக்கிறதே, அதையும் டாக்டரிடம் கேட்டேன். “அப்படின்னா காரணம் உங்களுக்குத் தெரியாது, அதானே?” அவர் பேனாவை மூடினார். “ஹாங் ஜி. தெரியாது.” எனக்கு எரிச்சல்தான். தெரியாததுக்கு எதற்கு இத்தனை அழகான பெயர்? ஆனாலும் கேட்காமல் எழுந்து வர முடியவில்லை. இந்தக் கேள்வி கேட்கும் புத்தி உன்னிடமிருந்து ஒட்டியது.

சாயங்காலம் பாப்பா தன் காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்: “அம்மா, இது கப் போகும்?” ‘எப்போது’ அவளுக்கு இந்தியில்தான் வரும்.

ஜல்தி போயிடும் என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

“அம்மாவுக்குத் தெரியலடா. டாக்டர் அங்கிளுக்கும் தெரியல.”

“அச்சா” என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள். நான்தான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.