957 கி.மீ.

நவ. 2, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். கல்லறைத் திருநாள். இவர் கல்லறைக்கு வெள்ளிக்கிழமை அடித்த சுண்ணாம்பு அதற்குள் வழிந்துவிட்டது. செவ்வந்தி மாலை இரண்டு. மெழுகுவர்த்தி நிற்கவில்லை.

பண்ருட்டியிலிருந்து நாத்தனார் ரீட்டா. எல்லோர் முன்னாலும்: "அண்ணன் பெட்டியில படுத்துக்கினு இருந்தாரு, பெத்த புள்ள ஒரு பிடி மண்ணு போட வரல. எம் புள்ள ஸ்டீபன் துபாயிலேர்ந்து மறுநாளே வந்து நிக்கல?"

என் மகன் ஜான் இருப்பது துபாய் அல்ல, வட துருவத்துக்குப் பக்கத்துத் தீவு, வெளியே வர வாரத்துக்கு ஒரே விமானம் என்றேன். ஒரு வருடமாக எல்லோருக்கும் சொல்லும் பதில்.

"அப்படி எவ்ளோ தூரம் அண்ணி?"

தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கு, ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை!

நவ. 3, திங்கள்
வெயில். வாங்க: ரவை, கொசுவர்த்தி, பிரஷர் மாத்திரை. பார்க்க: தூரம்.

அட்லஸில் ஊர் பெயர் இல்லை, தீவு மட்டும். அவன் ஊர் லாங்யியர்பியன். அங்கிருந்து வரும் விமானம் முதலில் இறங்கும் ஊர் ட்ரோம்சோ. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் சென்னை – நாக்பூர் அளவுதான். அளந்தது தவறாக இருக்கும். சரியான கணக்கில்லாமல் ரீட்டாவிடம் பேசக் கூடாது.

நவ. 4, செவ்வாய்
மெயின் பஜார், டிராவல்ஸ் கடை. ஊர்ப் பெயர்களை எழுதியே கொடுத்தேன்.

"இன்னா ஊருங்க ஆயா இது, வாயிலயே நுழையல." ஆயா அல்ல, அம்மா என்றேன். "சரிங்கம்மா. 957 கிலோமீட்டரு. ஒரு மணி நாப்பது நிமிசம்."

வாரத்தில் என்றைக்கு விமானம்?

"இன்னிக்கு இருக்குது. நாளைக்கும் இருக்குது. நாளன்னிக்கும் இருக்குதுங்க."

போன வருடம்?

"அப்பவும் இப்படித்தாங்க. யாரு போறாங்க?"

யாரும் போகவில்லை என்றேன். ரவை வாங்க மறந்தேன்.

இரவு. இவர் போனது வியாழன் விடியற்காலை. அன்றே கிளம்பியிருந்தால் சனி மதியம் இங்கே. ஐஸ் பெட்டி சனிக்கிழமை வரை தாங்கும் என்றார்கள். "மகனுக்காகக் காத்திருப்போமா அம்மா?" என்று ஃபாதர் கேட்டார். வேண்டாம், அவனால் வர முடியாது என்றேன். வெள்ளி மாலை, மூடுங்கள் என்று சொன்னதும் நான்தான். அவன் பேச்சை நம்பிச் சொன்னேன்.

நவ. 5, புதன்
ஞாயிறுதான் பேசுவான். இன்று நானே கூப்பிட்டேன்.

"ட்ரோம்சோவுக்கு எத்தனை மணி நேரம் ஜான்?"

"ஏம்மா, வரப்போறீங்களா?" சிரிப்பு.

"கேட்டதுக்குப் பதில்."

"ஒன்றரை... ஒன்னே முக்கால்."

"வாரத்துக்கு எத்தனை?"

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது.

"புது வேலைம்மா. லீவு கேக்கத் தயக்கமா இருந்துச்சு. நீங்க எல்லாத்தையும் சமாளிச்சிடுவீங்கன்னு தெரியும்."

வைத்துவிட்டேன். மூன்று முறை அடித்தான். எடுக்கவில்லை.

மதியம் சாப்பாடு இல்லை. பசியும் இல்லை.

நவ. 6, வியாழன்
மழை. இரண்டு முறை கரண்ட் போனது. பத்து மணிக்கு ரீட்டா போன். பலாப்பழ அல்வா அனுப்புகிறாளாம். பிறகு, "தூரம் பார்த்துச் சொல்றேன்னீங்களே அண்ணி?"

957 கி.மீ. என்றேன். வாரத்துக்கு ஒரே விமானம் என்றேன்.

"ஐயோ பாவம். தெரியாம பேசிட்டேன் அண்ணி, மனசுல வச்சிக்காதீங்க."

சனிக்கிழமை ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம். போவேன். இதைச் சொல்ல மாட்டேன்.