கயிற்றில் தொங்கும் 1025

1 மார்ச் 1934, வியாழன்

இன்று வாசகசாலையில் உலக சரித்திரச் சொற்பொழிவு இல்லை. வழக்கமாக ஒருவர் பேசுவார், தலைவர் நல்லமுத்து முடிவுரையில் அதையே திரும்பப் பேசுவார், பிறகு பூமாலை, வந்தனம். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு. பதினோரு வருட வழக்கம்.

அதற்குப் பதில் நான் சுவருக்குச் சுவர் துணி உலர்த்தும் கயிறு கட்டினேன். ஒரே ஆண்டில் எந்தெந்தத் தேசத்தில் என்ன நடந்தது என்று யாரும் சீட்டு எழுதிச் செருகலாம். விதி ஒன்றுதான்: எழுதியவர் எழுந்து நின்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எடுத்துக்கொண்ட முதல் ஆண்டு 1025. என் சீட்டு: ‘இங்கிலாந்தை டென்மார்க்காரன் ஆள்கிறான்.’ துறைமுகத்து ஆட்கள் கைதட்டினார்கள். தாமதமாக வந்தாலும் நல்ல சேதியாம்.

8 மார்ச்

தலைவரின் சீட்டு: ‘சோழர் கடாரம் வென்றனர்.’ பலத்த கைதட்டல். கடாரம் என்பது கடலுக்கு அந்தப் பக்கம், எதிர்க்கரையில் இருக்கும் மலாய் நாடான கெடாதான். மூட்டை தூக்கும் ஜெயராஜுக்கு எழுத வராது. என்னை எழுதச் சொல்லிப் பக்கத்தில் செருகினார்: ‘கடாரத்தில் கொள்ளை.’

“அங்க இருந்தவன் காலையில எழுந்து பாக்கிறான், கப்பல் கப்பலா நிக்குது. அவன் கைதட்டியிருப்பானா, ஹென்றி அண்ணே?” என்று என்னைக் கேட்டார்.

தலைவர், “எடு அதை” என்றார்.

“நான் நின்னு பதில் சொல்றேன். நீங்களும் நில்லுங்க லா” என்றார் ஜெயராஜ்.

தலைவர் நிற்கவில்லை. அவர் உட்கார்ந்தே பேசுகிறவர்.

10 மார்ச்

தலைவரிடமிருந்து கடிதம். கொள்ளைச் சீட்டை எடுக்காவிட்டால் அறை கிடையாது. அறை இல்லையென்றால், துறைமுகத்து ஆட்கள் உட்கார்ந்து பேச மிஞ்சுவது கள்ளுக்கடை.

எடுத்துவிடலாமா? துண்டுக் காகிதம்தானே — எடுத்தால் அப்புறம் என்ன மிச்சம்? மாலையும் வந்தனமும். முடியாதுய்யா. பூட்டிக்கோ.

15 மார்ச்

பூட்டிவிட்டார். வாசகசாலைக்கு வெளியே, கடை வரிசைக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையின் இரண்டு தூண்களுக்கிடையே கயிற்றைக் கட்டினோம். பலகாரம் விற்கும் ரோஹானா அது என்னவென்று கேட்டாள். மலாயில் சொன்னேன். அவள் கெடாக்காரி. ஒரு சீட்டு எழுதச் சொன்னாள்: ‘எங்களை இதுவரை யாரும் கேட்கவில்லை.’ தலையில் தட்டோடு நின்று மூன்று கேள்விக்குப் பதில் சொன்னாள். கொள்ளைச் சீட்டு அப்படியே இருக்கிறது.

16 மார்ச்

மழை. நனைந்த சீட்டுகளை மறுபடி எழுதினேன். கொள்ளையைக் கொஞ்சம் பெரிய எழுத்தில்.

22 மார்ச்

நாற்பது பேருக்கு மேல். தலைவர் வந்தார், இடுப்பில் சாவி. கயிறு முழுவதையும் வாசித்தார். என்னிடம் காகிதம் வாங்கி, ‘ஆட்சேபிக்கிறேன்’ என்று எழுதிச் செருகிவிட்டுத் திரும்பினார்.

“அண்ணே, எங்க கிளம்பிட்டீங்க?” என்றார் ஜெயராஜ். “எழுதினவரு நிக்கணும்.”

தலைவர் சுற்றிலும் பார்த்தார். நடைபாதையில் நாற்காலி கிடையாது.

நின்றார். ரோஹானா தட்டை இறக்கி வைத்துவிட்டு முதல் கேள்வியைக் கேட்டாள்.