நெட்டையா குட்டையா

அன்புள்ள சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம் என்று எழுதிவிடலாம், அப்பாவுக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. போனில் சொன்னால் அவர் காதில் விழும், அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகக் குழாய் விட்டு இதயத்துக்குப் புது வால்வு வைக்கலாம் என்றார்களே, அதில் குட்டை, நெட்டை என்று இரண்டு வகையாம். போன செவ்வாய்க்கிழமை டாக்டர் இரண்டின் மாதிரியையும் மேசைமேல் வைத்துக் காட்டினார். குட்டையை உள்ளே பலூன் ஊதி விரிப்பார்கள், நெட்டை உறையை விட்டு வந்ததும் தானாக விரியும். இரண்டிலும் கம்பிக் கூட்டில் மிருகத்தின் சவ்வைக் கையால் தைத்திருக்கிறார்கள். தையல் என்றால் என் கை சும்மா இருக்குமா, ரவிக்கையைப் புரட்டுகிற பழக்கத்தில் உள்தையலைப் பார்க்க இரண்டையும் அமுக்கிவிட்டேன். நெட்டை துள்ளி நிமிர்ந்தது, குட்டை நசுங்கியபடியே கிடந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அப்படியானால் நெட்டையே வையுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு, "உள்ள யாரும் அமுக்கப் போறதில்லம்மா, அத வச்சு முடிவு பண்ணாதீங்க" என்றார். நெட்டை வைத்தால் சிலருக்குத் துடிப்பு குறைந்து பேஸ்மேக்கரும் வேண்டிவருமாம். அப்பாவுக்கு வால்வு இருக்கிற இடம் சின்னது, குட்டை வைத்தால் ரத்தம் போகிற வழி கொஞ்சம் இறுக்கமாகலாமாம். இரண்டுமே பொருந்தும், வீட்டில் பேசிச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் யாரோடு பேசுவது? "நாப்பது வருஷமா நீ தச்சதத்தான போட்டுக்கிட்டிருக்கேன், இதையும் நீயே பாத்துச் சொல்லு" என்று பேப்பரை விரித்துக்கொண்டார் உன் அப்பா. கழுத்துப் பிடிக்கிறது, கை தொங்குகிறது என்று குறை சொல்லாமல் ஒரு சட்டை போட்டிருக்கிறாரா இந்த மனுஷன்? துணி என்றால் பின்னால் பிரித்துவிட உள்ளே இரண்டு விரல் அகலம் துணி விட்டுத் தைப்பேன். இதில் வைத்ததை எடுத்து மாற்றுவது லேசில்லையாம். எனக்குப் பயமாக இருக்கிறது சிட்டு. நேற்று டீச்சரம்மாவின் ரவிக்கைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். நெட்டையா குட்டையா, ஒரு வார்த்தை மட்டும் சொல். நல்லபடியாக முடிந்தால் மகள் சொன்னது என்று அப்பாவிடம் சொல்வேன். இல்லாவிட்டால் நான் சொன்னதாகவே இருக்கட்டும்.

குழந்தைக்கு முத்தம். நேரத்துக்குச் சாப்பிடு, எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு. பத்து மணி என்றது இந்த ஊர்ப் பத்து மணி.

உன் அம்மா