ஒரு நாளாவது படுத்தால்தான் காயம்

3.2.1969, திங்கள்

டாக்டர் சத்தியநாதன் சாரிடம் சேர்ந்து மூன்றாவது வாரம். கிராமங்களில் வேலை செய்யும்போது எத்தனை பேருக்கு அடிபடுகிறது என்று கணக்கெடுக்கிறோம். திருநீர்மலைக்கு அப்பால் உள்ள கல்குவாரிக் குடிசைகள் என் பங்கு. கணக்குப் பெரிதாக வந்தால், வாரம் ஒருமுறை அங்கே டாக்டர் வர ஏற்பாடு செய்யலாம் என்கிறார் சார். நல்ல மனுஷர். ஆனால் அவர் போட்ட விதி உயிரை வாங்குகிறது. அடிபட்டு ஒரு நாளாவது வேலைக்குப் போகாமல் இருந்தால்தான் காயமாம்!

இன்றும் வீட்டுக்கு வீடு, "ஒண்ணியும் இல்லக்கா." அப்படிச் சொன்ன ஒருத்திக்குக் கட்டைவிரலில் நகமே இல்லை.

11.2.1969

கிளியம்மாள் என்று ஒருத்தி. புருஷன் செத்துவிட்டான், ஜல்லி உடைக்கிறாள், வாய்த்துடுக்கு அதிகம். எனக்குக் 'கேள்விக்கார அக்கா' என்று பெயர் வைத்தவளே அவள்தான். இன்று இடது கண் சிவந்து, நீர் வடிந்துகொண்டிருந்தது.

"என்ன கிளி இது?"

"தூசுக்கா."

தூசா? கல் சில்லு தெறித்ததை அடுத்த வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போகிறேன் என்றேன்.

"ஒரு நாளு நின்னா மேஸ்திரி வேற ஆளப் போட்டுக்குவான். நீ வந்து கல்லு ஒடைப்பியா?"

வேலைக்குப் போகாத நாள்: இல்லை. ஆகவே காயம்: இல்லை. என் கையாலேயே எழுதினேன்.

12.2.1969

சாரிடம் சொன்னேன். "எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வேணும் ரத்தினபாய். இல்லேன்னா கீறலும் காயம், கை போனாலும் காயம்னு ஆயிடும்." நியாயமாகத்தான் இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல்.

20.2.1969

கருங்கல் துண்டு குதிகாலைக் கிழித்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனேன். கிளியம்மாள் சிரித்தாள். "வூட்ல படுத்துக்கினு கெடக்க வேண்டியதுதானே?"

"சம்பளத்தைப் பிடிச்சுடுவாங்க."

"ஆங்!" என்றாள்.

விதிப்படி எனக்கும் காயமில்லை.

14.3.1969

போய்விட்டது. அந்தக் கண் போயே போய்விட்டது. வெள்ளை படர்ந்திருக்கிறது. அடிபட்ட கண்ணோடு ஒரு நாள்கூட நிற்காமல் கல் உடைத்திருக்கிறாள், பாவி. வலி தாங்காமல் படுத்ததும் மேஸ்திரி நிறுத்திவிட்டான்.

இனிமேலாவது கணக்கில் வருவாள் என்று எழுதிக் கொடுத்தேன். சார் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இவங்க இப்போ வேலையில இல்லையேம்மா. வேலையில இருக்கறவங்களைத்தானே எடுக்கறோம்."

வேலை போனதே கண்ணால்தானே சார்! — கத்திவிட்டேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "பாதியில விதியை மாத்தினா முழுக் கணக்கும் வீண்," என்றார். அவருக்கும் வருத்தம்தான். அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

4.4.1969

பெரிய வெள்ளி. மூன்று மணி ஆராதனை முழுக்க உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை காதில் விழவில்லை.

22.4.1969

கிளியம்மாள் குடிசை பூட்டிக் கிடக்கிறது. எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. பூட்டிய வீடென்றால் அடுத்த வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். போனேன்.

30.6.1969

கணக்கு முடிந்தது. அந்தக் குவாரியில் காயம் மிகக் குறைவு. டாக்டர் வரமாட்டார். நான் நன்றாக உழைத்தேன் என்று சார் சொன்னார். வீட்டுக்கு வந்து அழுதேன்.

9.1.1970

தாம்பரம் ஸ்டேஷனில் படிக்கட்டோரம் வேர்க்கடலை விற்கிறவளிடம் விலை கேட்டேன். முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினாள்.

"கேள்விக்கார அக்காதானே நீ?"

கிளியம்மாள்! உடம்பு பாதியாகிவிட்டது. "இந்தக் கண்ணும் மங்கிக்கினே வருதுக்கா," என்றாள், மழை வருகிறது என்பதுபோல. பிறகு அவளே சொன்னாள்: "அன்னிக்கு அத்தினி தபா கேட்டியே, பயந்துகினு மறைச்சுட்டேன். இப்ப கேளுக்கா. எல்லாத்தையும் சொல்றேன். இனிமே மேஸ்திரி என்னை இன்னா பண்ணுவான்?"

கணக்கு முடிந்து ஆறு மாதமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. வண்டி வந்தது, போனது. அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, பழையபடி முதலிலிருந்து கேட்டேன்.

"பேரு?"

"கிளியம்மா."

"என்ன வேலை?"

கடலைக் கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"கல்லு ஒடைக்கிற வேலைக்கா," என்றாள்.