ஐம்பத்து மூன்று பிள்ளைகள்

அன்பு மகளுக்கு,

நான் கல்வி அலுவலகத்துக்குப் போய் அதிகாரியின் மேசையை ஓங்கித் தட்டிச் சண்டை போட்டதாக உன் அண்ணி போனில் சொன்னாளாம். அது தவறு. மேசையை நான் தட்டவில்லை. என் நோட்டை மேசைமேல் வைத்தேன், தடிமனான நோட்டு, சத்தம் வந்தது, அவ்வளவுதான். மற்றபடி இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் அடம் பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். குளிர் தொடங்கிவிட்டது என்றாயே, குழந்தையின் காதை மூடாமல் வெளியே கூட்டிப் போகாதே.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். நம் வீட்டுக்கு எதிரே உள்ள அரசு நடுநிலைப் பள்ளி, ஆறு ஏழு எட்டு என்று மூன்றே வகுப்பு, அதை மூடிப் பெரிய சாலைக்கு அப்பால் இருக்கும் பள்ளியோடு சேர்க்கப்போவதாக அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. தேர்ச்சி நூற்றுக்கு எழுபதாவது இருக்க வேண்டுமாம், இங்கே அறுபத்து மூன்றுதானாம். அந்தச் சாலையில் லாரி போகும் வேகம் உனக்குத் தெரியும். இந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் ரோடு போடுகிறவர்கள், கட்டடத்தில் சித்தாள் வேலை செய்கிறவர்கள், காவலாளிகள், அம்மாக்கள் விடிவதற்கு முன்பே வீட்டுவேலைக்குக் கிளம்புகிறவர்கள், யார் கையைப் பிடித்துச் சாலையைக் கடத்திவிடுவது? பாதிப் பேர் படிப்பையே விட்டுவிடுவார்கள். பள்ளிக்குழுவில் தெருவாசி என்ற முறையில் ஒப்புக்கு என் பெயரும் இருப்பதால் தலைமையாசிரியை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து அழுதாள். நல்ல பெண், உன் வயதுதான் இருக்கும். அழுகையை அப்புறம் வைத்துக்கொள், முதலில் வருகைப் பதிவேட்டைக் கொண்டு வா என்றேன். முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் குப்பை கொட்டியவளுக்கு ஒரு பக்கத்தைப் பார்த்தால் போதாதா? பதிவேட்டில் ஐம்பத்தெட்டுப் பெயர், அதில் பதினேழு பேருக்கு மாதக்கணக்கில் வருகையே இல்லை. அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து மூட்டை கட்டிக்கொண்டு போன பிள்ளைகள். போனவர்களின் பெயரை ஏன் அடிக்கவில்லை என்று கேட்டதற்கு, "மனசு வரலைம்மா. அடிச்சிட்டா, திரும்பி வர்றப்போ மறுபடி சான்றிதழ் கேக்கணும். அந்த அப்பன் வேலையைப் பாப்பானா, சான்றிதழுக்கு அலைவானா?" என்கிறாள். இரக்கம்தான். ஆனால் அந்தப் பதினேழு பேரும் பரீட்சை எழுதாததால் தோற்றவர்கள் கணக்கில் போயிருக்கிறார்கள். இரக்கப்பட்டே பள்ளிக்குப் பூட்டுத் தேடித் தந்திருக்கிறாள்.

சரி, அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தால் இன்னொரு சிக்கல். பதினேழு பேரை நீக்கினால் மிச்சம் நாற்பத்தொன்று, ஐம்பதுக்குக் குறைந்தாலும் மூடலாம் என்று அதே தாளில் அடுத்த வரி. இந்தப் பக்கம் போனால் கிணறு, அந்தப் பக்கம் போனால் குழி. பெயர்களை விட்டு வைத்துவிட்டு அவர்களும் தேறியதாகக் காட்டிவிடலாமா என்று உன் அண்ணன்கூடச் சொன்னான். கன்னியாஸ்திரிகளிடம் பிரம்படி வாங்கிப் படித்தவள் நான், பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடமாட்டேன். மறுநாள் காலை என் நோட்டோடு எதிரே பள்ளிப் படியேறி வகுப்பு வகுப்பாகத் தலையை எண்ணினேன். ஐம்பத்து மூன்று! எங்கிருந்து வந்தது பன்னிரண்டு தலை என்று பார்த்தால், நடுவில் வந்து சேர்ந்தவர்கள். கையில் பழைய பள்ளியின் சான்றிதழ் இல்லாததால் தலைமையாசிரியை பெயர் ஏற்றாமலே பின்பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறாள், பரீட்சையும் எழுத வைத்திருக்கிறாள், விடைத்தாளைத் திருத்திக் கட்டி பீரோவில் வைத்திருக்கிறாள், கணக்கில் மட்டும் காட்டவில்லை! அங்கேயே நன்றாகத் திட்டினேன், பிறகு அவளுக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன். பழைய நாற்பத்தொரு பேரில் முப்பத்தேழு தேர்ச்சி, புதிய பன்னிரண்டில் ஒன்பது. ஆகமொத்தம் ஐம்பத்து மூன்றுக்கு நாற்பத்தாறு, நூற்றுக்கு எண்பத்தாறு. வீட்டில் நாலு விதமான மொழி பேசுகிற பிள்ளைகள், தெரியுமா.

இந்த நோட்டைத்தான் அதிகாரியிடம் கொண்டுபோனேன். "பாட்டி, இது கம்ப்யூட்டர் போட்ட கணக்கு, உங்களுக்குப் புரியாது" என்றார். "தம்பி, குணமாகி வீட்டுக்குப் போன நோயாளியை எந்த ஆஸ்பத்திரியிலாவது செத்தவன் கணக்குல எழுதுவாங்களா?" என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. அவர் தலையைச் சொறிந்தார், ஆனாலும் நல்லவர், மறுநாள் அவரே வந்து எண்ணினார். பின்பெஞ்சில் ஒரு பெண், ரோடு போடுகிறவரின் மகள், பிள்ளைகள் அவளைப் புயல் என்றுதான் கூப்பிடுகிறார்கள், கணக்கில் தொண்ணூற்றெட்டு மார்க். உன் பேர் ஏன் பட்டியலில் இல்லை என்று அவர் கேட்க, "நான் தினமும் வர்றேன் சார், பட்டியல்தான் வரல" என்றாளே பார்க்கலாம்! அறையே சிரித்தது, அவரும் சிரித்துவிட்டார். போன வியாழக்கிழமை தாள் வந்துவிட்டது, பதினேழு பெயரை அடித்துப் பன்னிரண்டு பெயரை ஏற்றச் சொல்லி; பள்ளியை மூடவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எதிரே பள்ளியை வைத்துக்கொண்டு உன்னை இரண்டு பஸ் மாறி கான்வென்டுக்கு அனுப்பினேன், அங்கே கண்டவர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று உன் காதுபடவே சொன்னேன். இருபது வருடம் ஜன்னலில் இருந்து பார்த்தும் ஒருநாளும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது. அந்த ஐம்பத்து மூன்று பேரையும் என் வீட்டுப் பிள்ளைகள் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன், உனக்குப் பொறாமை வேண்டாம்.

இப்போதெல்லாம் ஊர் மாறிப் போகிற பிள்ளை ஒவ்வொன்றின் கையிலும் பள்ளி முகவரி எழுதிய ஓர் அஞ்சலட்டை கொடுத்து அனுப்புகிறோம், அது என் ஏற்பாடு. எந்தப் பள்ளியில் சேர்ந்தோம் என்று எழுதிப் போட்டதும் இங்கே பெயரை அடிப்போம். முதல் அட்டை நேற்று வந்தது, மூன்று வரி, நாலு பிழை, தலைமையாசிரியை அதை ஐந்து முறை படித்தாள்.

நீ போனில் பேசுவது பேசி முடித்ததும் போய்விடுகிறது, எடுத்துப் பார்க்க என்னிடம் ஒன்றும் இல்லை. கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு, குழந்தைக்கு முத்தம். கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே.

இதற்குப் பதிலைக் கையால் எழுதித் தபாலில் அனுப்பு.

என்றும் உன்,
அம்மா