மூட்டையை விட்டுவிட்டு என்னை இறக்கிய வளைவு

அண்ணே,

நேற்று உடுத்தியிருந்த சேலையை இரண்டு தடவை அலசிப் போட்டுவிட்டேன். கிளட்ச் கருகிய வாடை இன்னும் போகவில்லை. கொடியில் கிடக்கும் அதைத் தாண்டும்போதெல்லாம் உன் ஜீப்பு ஞாபகம் வருகிறது. ஜீப்பு ஞாபகம் வந்தால் கூடவே எனக்குக் கோபமும் வரும், அது உனக்குத் தெரியாததில்லை. ஆனால் நேற்றிலிருந்து அந்தக் கோபம் வர மாட்டேன் என்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீ இருந்தவரைக்கும் உனக்கு எழுதவேண்டிய தேவை இருந்ததில்லை. நேரிலேயே திட்டிக்கொண்டிருந்தேன்.

விசயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மருமகன் தங்கவேலு கார் வாங்குகிறான். ஏழு பேர் உட்காரும் பெரிய கார், பழையதுதான். பேத்தி கயல் தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். மேலே கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் காட்டுகிறோம். வலி கண்டால் பஸ்ஸை நம்ப முடியாது. சீசன் நேரத்தில் கூப்பிட்ட வாடகை வண்டியும் வராது. மற்ற நாட்களில் டூரிஸ்ட்டுகளை ஏற்றிப் பிழைத்துக்கொள்வேன் என்கிறான். காப்பித் தோட்டத்தில் என் பேரில் இருந்த மேல்துண்டு நிலத்தை விற்றுத்தான் வாங்குகிறோம். அதனால் எந்த வண்டி என்று முடிவு சொல்லும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

வத்தலக்குண்டில் பழைய கார் விற்கும் இடத்தில் அச்சாக ஒரே மாதிரி இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று வெள்ளை, இன்னொன்று சாம்பல் நிறம். வெள்ளையில் மூன்று லிட்டர் எஞ்சினாம், சாம்பலில் இரண்டு புள்ளி இரண்டாம். லிட்டர் என்றால் அது குடிக்கிற டீசலின் அளவு என்று நினைத்தேன். இல்லையாம், எஞ்சினின் வயிற்றளவாம். விற்கிறவன் பேசப் பேச எனக்கு இருந்த கொஞ்சம் தெளிவும் போனது.

"ஆத்தா, பெருசு மல ஏற அசராது. ஆனா டீசல ஊத்திக்கிட்டே இருக்கணும். சின்னது நாலு வருசம் எளசு. உள்ள புது மாதிரி டர்போ இருக்கு, காத்த அமுக்கிக் குடுக்கும். பெருசுக்குச் சமமா இழுக்கும்."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானா?"

"ஒண்ணு மாதிரிதான் ஆத்தா. ஆனா ஒண்ணு இல்ல."

தங்கவேலுக்குச் சின்னதன் மேல்தான் ஆசை. "எளவண்டிம்மா, டீசலும் மிச்சம்" என்றான். நீயும் இதைத்தானே சொன்னாய்? உன் ஜீப்பில் இருந்த பெரிய பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டுச் சின்ன டீசல் எஞ்சினை மாட்டிக்கொண்டு வந்து, "இனிமே செலவு கம்மி தாயி" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

என் புத்திக்கு எட்டாதது என்பதால் சாமியிடமே விட்டேன். மறுநாள் வெள்ளனே கருப்பசாமி கோயிலில் பூப்போட்டுப் பார்த்தோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. சாமி கும்பிட வந்த சின்னப் பெண் ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை. "சாமி சின்னதத்தான் சொல்லிருச்சு" என்றேன் நான். "அதெப்படி? வெள்ளக் காரு பெரிய எஞ்சினுல்ல?" என்றான் தங்கவேலு. நான் மனதுக்குள் சின்ன எஞ்சினுக்கு வெள்ளைப் பூ என்று வைத்திருந்தேன். அவன் வெள்ளைக் காருக்கு வெள்ளைப் பூ என்று வைத்திருக்கிறான். போடுவதற்கு முன்னால் இரண்டு பேரும் வாய் திறந்து பேசிக்கொள்ளவில்லை. பூசாரி எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இன்னொரு தடவை போடலாமா என்று கேட்டேன். "சாமி என்ன ஒங்க வீட்டு வேலையாளா?" என்று திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. இரண்டு வண்டியையும் நம் மலை ரோட்டில் பலாமரத்து வளைவுக்குக் கொண்டுவரச் சொன்னேன். ஆளும் பாரமும் முழுக்க ஏற்றி, வளைவின் நடுவில் நிறுத்தி எடுத்துக் காட்ட வேண்டும்.

விற்கிறவன் தலையில் அடித்துக்கொண்டான். "ஆத்தா, ஓட்டிப் பாக்கறதுன்னா ரோட்டுல ரெண்டு கிலோமீட்டர் போயிட்டு வர்றது."

"ஒங்க ரோட்டுல ஓட்டிப் பாத்து நாங்க என்ன பண்ண? எங்க ரோட்டுக்குக் கொண்டாப்பா."

பலாமரத்து வளைவு என்றதும் தங்கவேலு என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்தக் கதை இந்த வீட்டில் யாருக்குத்தான் தெரியாது? நான்தான் விட்டேனா?

ஐப்பசி மழை. தங்கவேலு என் வயிற்றில். விடியும்போதே வலி எடுத்துவிட்டது. உன் ஜீப்பில் நான், அம்மா, பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர், பின்னால் ஆறு மூட்டை காப்பிக்கொட்டை. பலாமரத்து வளைவில் ஜீப்பு நின்றுவிட்டது. இரண்டு தடவை முக்கியது, ஏறவில்லை. நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. முன்னால் பார்த்தபடியே சொன்னாய்: "தாயி, எறங்கு. எல்லாரும் எறங்குங்க. வெரசா."

இறங்கினேன். அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு அந்த மழையில் அடுத்த வளைவு வரைக்கும் நடந்தேன். இரண்டு இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். மேலே சமதளத்தில் நீ ஜீப்போடு நின்றாய். பின்னால் எட்டிப் பார்த்தேன். ஆறு மூட்டையும் தார்ப்பாய்க்குள் நனையாமல் இருந்தன.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் என் மனசு அந்த ஆறு மூட்டையிலேயே நின்றுவிட்டது. எத்தனை கல்யாண வீடு, எத்தனை கருமாதி! எல்லா இடத்திலும் சொல்லிக்காட்டினேன். "கூலிக்கு ஏத்துன மூட்ட நனையக் கூடாது, கூடப் பொறந்தவ நனையலாம்." நீ ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னாய். "மூட்ட நடக்குமா தாயி?" பந்தியே சிரித்தது. நான் இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது நேற்றைக்கு வருகிறேன்.

முதலில் வெள்ளை. தங்கவேலு ஓட்டினான். விற்கிறவன் முன்னால், நானும் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேரும் பின்னால், எங்களுக்குப் பின்னால் வாழைத்தார்கள். "வண்டி வாங்க வந்தமா, வாழத்தாரு ஏத்த வந்தமா?" என்று தங்கவேலு முனகிக்கொண்டேதான் ஏற்றினான். வளைவின் நடுவில் "நிறுத்து" என்றேன். நிறுத்தினான். "எடு" என்றேன். படுத்திருந்த எருமை எழுந்து நடக்கிற மாதிரி அவசரமில்லாமல் எழுந்து போனது.

கீழே வந்து, தார்களையும் மாற்றிக்கொண்டு சாம்பலில் ஏறினோம். வளைவு வரைக்கும் அது போன போக்கு இருக்கிறதே, பெரியதைவிட வேகம், சத்தமும் இல்லை. இதுதான் நம் வண்டி, பூ சொன்னதும் இதைத்தான் என்று முடிவே பண்ணிவிட்டேன். நடுவில் நிறுத்தச் சொன்னேன். எடுத்தான். எஞ்சின் அணைந்துவிட்டது. வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டது.

மறுபடி எடுத்தான். உறுமியது, கருகிய வாடை வந்தது, ஏறாமல் இன்னும் ஒரு முழம் உருண்டது. தங்கவேலு என் பக்கம் திரும்பவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முன்னால் பார்த்தபடியே சொன்னான்: "ம்மா, எறங்குங்க. எல்லாரும் எறங்குங்க. வெரசா."

முதலில் குதித்தவன் விற்கிறவன்தான். பக்கத்து வீட்டுக்காரி, "தாரையெல்லாம் எறக்கிட்டா ஏறிருமேப்பா" என்று இழுத்தாள்.

"தாரு கெடக்கட்டும்க்கா! மொதல்ல நீங்க எறங்குங்க!"

அவன் யாரையும் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. இறங்கி ஓரமாக நின்றேன். பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இரண்டு சாண்தான் இருந்தது. உள்ளே அவனும் வாழைத்தாரும் மட்டும். மூன்றாவது தடவை, முக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டான். அதுவரைக்கும் நான் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு உன் சக்கரத்தை நான் பார்க்கவில்லை, அண்ணே. மூட்டையைத்தான் பார்த்தேன்.

மேலே போய் அவனிடம் கேட்டேன். "எதுக்குடா எறங்கச் சொன்ன? பாரத்துக்கா?"

"பாரத்துக்கும்தாம்மா."

"வேற எதுக்கு?"

உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். "விடுங்கம்மா. சோலி முடிஞ்சது."

அவனும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. மூட்டை நடக்குமா என்று நீ கேட்டது கேலியா, பதிலா? ஜீப்பு உருண்டால் தன்னோடு போகட்டும் என்று நினைத்தாயா, இல்லை, நிஜமாகவே என் பாரம் குறையட்டும் என்றுதான் இறக்கினாயா? இரண்டும் இருந்ததா? ராத்திரி முழுக்கப் புரட்டிப் பார்த்தும் பிடிபடவில்லை. சின்ன எஞ்சினை மாட்டியது உன் தப்புதான். அதை நான் இப்போதும் விடுவதாக இல்லை. ஆனால் தங்கவேலுவின் காதுகுத்துக்கு நான் செய்தது? தாய்மாமன் நீ குத்துக்கல்லாக நிற்கும்போது, ஆயக்குடியிலிருந்து சித்தப்பா மகனை வரவழைத்து அவன் மடியில் பிள்ளையை உட்காரவைத்தேன். நீ கொண்டுவந்த கடுக்கனைத் தட்டில் வைத்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தாய். சாப்பிட்டுவிட்டுத்தான் போனாய். உருண்டால் உன்னோடு போகட்டும் என்றுதான் நீ உண்மையில் நினைத்தாய் என்றால், நான் அதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்?

வெள்ளையை வாங்கச் சொல்லிவிட்டேன். அதுவும் சரியா என்று தெரியாது. பழையது, டீசல் குடிக்கும், நாலு வருசத்தில் என்ன கோளாறு சொல்லுமோ. இன்று காலை சாவியை வாங்கக் கிளம்பிய தங்கவேலுவை நிறுத்தி, "நடுவழியில கயல எறக்கற மாதிரி வந்தா, ஏன்னு சொல்லிட்டு எறக்குடா" என்றேன்.

"பெரிய எஞ்சின்ம்மா. யாரையும் எறக்க வேண்டியிருக்காது."

"வந்தா சொல்லுன்னுதான சொல்றேன்."

வாசலில் உட்கார்ந்திருந்த கயல் சிரித்தாள். "அப்பத்தா, நான் வலியில கத்திக்கிட்டு இருப்பேன். அப்பா சொல்றதெல்லாம் அப்பக் காதுல ஏறுமா?"

"ஏறாட்டிப் போகுது. அவன் சொல்லட்டும்" என்றேன்.

எனக்கும் அன்றைக்கு ஏறியிருக்காதுதான், அண்ணே. ஆனால் என் காதில் விழுந்த எதை நான் மறந்திருக்கிறேன்? நீ சொல்லியிருந்தால், பின்னால் ஒரு நாள் அதை எடுத்துக் கேட்டிருப்பேன்.